பதினான்கு நிமிடங்கள்

ஜூன் 10, திங்கள்

களமேற்பார்வையாளர் நாள்தோறும் குறிப்பு எழுத வேண்டும் என்று திட்டக் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. விதி என்றால் விதி. எழுதுகிறேன்.

பின்னால் தணிக்கைக்கு வருபவருக்காக: என் பெயர் கோமதிநாயகம். புள்ளியியல் பேராசிரியர், வயது ஐம்பத்தாறு. பாளையங்கோட்டையிலும் சுற்றிலும் எண்ணூறு வீடுகளில், பன்னிரண்டு முதல் இருபது வயது வரையுள்ள பிள்ளைகளின் மனநலத்தை நேர்காணல் மூலம் மதிப்பிடும் ஆய்வு இது. விடைகளின் தரத்துக்கு நான் பொறுப்பு. எட்டு நேர்காணலாளர்களுக்கு இன்று பயிற்சி தொடங்கியது.

முறை எளிமையானது. பிள்ளையிடம் தனியாக ஒரு படிவம், பெற்றோரிடம் தனியாக ஒரு படிவம். கேள்வியை அச்சிட்டபடியே வாசிக்க வேண்டும். ஒரு சொல்லைக்கூட மாற்றவோ சேர்க்கவோ கூடாது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு வாசல் கேள்வி. அதற்கு ‘ஆம்’ என்றால் இருபத்துமூன்று கேள்விகள் தொடரும். ‘இல்லை’ என்றால் அடுத்த பகுதிக்குத் தாண்டிவிடலாம். ஒரு விடையைத் திருத்த நேர்ந்தால் அழிக்கக்கூடாது; பழைய விடை படிக்கும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, சுருக்கொப்பம். ‘தெரியாது’ என்பதும் ஒரு விடையே என்று கையேடு சொல்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றித் ‘தெரியாது’ என்று சொல்பவரை என்னவென்று எழுதுவது? வகுப்பில் இப்படிக் கேட்கவில்லை.

சுடலைமணி என்ற இளைஞர் கையைத் தூக்கினார். “சார், இல்லன்னு சொல்லிட்டா தாண்டிரலாம்லா?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் வருகிறேன் என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் வரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டு விஷயங்கள் இந்தக் குறிப்பேட்டுக்கு உரியவை அல்ல. ஆனாலும் வேறு குறிப்பேடு இல்லை.

குளியலறைத் தண்ணீர் இறங்காமல் நின்றது. சல்லடையைக் கழற்றினேன். ஒரு கைப்பிடி முடி வந்தது. சமைக்க வரும் பிச்சம்மாள் எட்டிப் பார்த்தார்.

“பாப்பாவுக்கு முடி எப்டிக் கொட்டுதுன்னு பாத்தியளாய்யா?”

“தண்ணி உப்பு” என்றேன்.

“இதே தண்ணியிலதான நானும் குளிக்கேன். எனக்கு இருக்கது அப்டியே இருக்கு.”

மீனலோசனி அறைக்குள் படுத்திருந்தாள். பிளஸ் டூ, பாடச்சுமை அதிகம். வாசலில் நின்று, “ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டேன். “இல்லப்பா” என்றாள். மகளை நாள்தோறும் தவறாமல் விசாரிக்கும் தகப்பன்கள் எத்தனை பேர் என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

ஜூன் 20, வியாழன்

ஒவ்வொரு நேர்காணலாளரும் களத்துக்குப் போகுமுன் இரண்டு வீடுகளில் ஒத்திகை பார்க்க வேண்டும். ஜெபக்கனிக்கு இரண்டாவது வீடு கிடைக்கவில்லை. சமூகப்பணி படித்த பெண், இருபத்தைந்து வயதிருக்கும். என் வீட்டைக் கொடுத்தேன். கற்பிப்பவன் தன்னையே மாதிரியாக வைக்கத் தயங்கக்கூடாது.

முதலில் என்னிடம் பெற்றோர் படிவம். ஜெபக்கனி கேட்க, சுடலைமணி பார்வையாளராக அமர்ந்து நேரம் குறித்தார்.

“கடந்த பன்னிரண்டு மாதங்களில், உங்கள் மகள் தொடர்ந்து இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் வருத்தமாகவோ எதிலும் நாட்டம் இல்லாமலோ…”

இல்லை என்றேன்.

ஜெபக்கனி பிழையின்றி வாசித்தார். உச்சரிப்பு தெளிவு. குடும்பத்தில் நெருங்கியவர் எவரேனும் கடந்த பன்னிரண்டு மாதங்களில் இறந்ததுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்றேன். அதுதான் சரியான விடை. என் மனைவி உலகம்மாள் மறைந்து பதினைந்து மாதங்கள் ஆகின்றன; வரையறைக்கு வெளியே. ஜெபக்கனி சுவரில் மாட்டியிருந்த அவள் படத்தை ஒருமுறை பார்த்தார். படிவத்தில் படத்துக்குக் கட்டம் இல்லை.

“பதினாலு நிமிசம் சார்!” என்றார் சுடலைமணி. “ரெக்கார்டு!”

அவரை அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் படிவத்துக்குப் பார்வையாளர் கிடையாது. ஜெபக்கனி மாடிக்கு மீனலோசனியிடம் போனபோது மணி நான்கு. இறங்கி வந்தபோது ஆறுக்குப் பத்து. அந்த நேரத்தில் எட்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு முடித்தேன். அவர் கண்கள் சிவந்திருந்தன. மாடியறையில் புழுக்கம் அதிகம். காபி வேண்டாம் என்றார்.

மதிப்பீடு: வாசிப்பு நன்று. வேகம் போதாது.

ஜூன் 21, வெள்ளி

காலையில் ஜெபக்கனி அலுவலக அறைக்கு வந்தார். கதவைச் சாத்தப் போனார். திறந்தே இருக்கட்டும் என்றேன்.

“சார், ஒத்திகை பாத்ததுல ஒரு ஃபாரத்தைப் பத்தி உங்ககிட்ட பேசணும்.”

“ஒத்திகைப் படிவத்தின் உள்ளடக்கத்தைப் பேசக்கூடாது. பதினேழாம் பக்கம்.”

“இருபத்தொண்ணாம் பக்கமும் இருக்கு சார். தன்னைத்தானே காயப்படுத்திக்கிட நினைச்சதுண்டான்னு கேக்குற பாதுகாப்புப் பகுதியில ஆம்னு வந்தா மேற்பார்வையாளர்ட்ட உடனே சொல்லணும். அவங்க பெத்தவங்களுக்குச் சொல்லணும்.”

“அது களப் படிவங்களுக்கு.”

“ஃபாரம் ஒத்திகையா இருக்கலாம் சார். பிள்ள ஒத்திகை பாக்கலயே.”

பயிற்சி பெறுபவர் விதியை விளக்க முற்படுவது எனக்கு உவப்பானது அல்ல. படிவத்தை உறையில் இட்டு ஒட்டிப் பீரோவில் வைக்கச் சொன்னேன். போனார். மதியம் மீண்டும் வந்தார். மீண்டும் அதையே சொன்னேன்.

அவர் இரண்டு வீடுகளில் ஒத்திகை பார்த்திருக்கிறார். எந்த வீட்டின் படிவம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

களப்பணி நான்கு நாட்களாக நடக்கிறது. மொத்தம் நாற்பத்தாறு வீடுகள். திருப்தி.

மீனலோசனி தன் பேட்மின்டன் மட்டையை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். உலகம்மாள் வாங்கித் தந்த பேனாக்களையும். அறையை ஒழுங்குபடுத்துகிறாளாம். நல்ல பழக்கம்.

ஜூலை 11, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. மீனலோசனியின் டிபன் பெட்டி மூடியைத் திறந்து பார்த்து பிச்சம்மாள் முணுமுணுக்கிறார். “கொண்டுட்டுப் போன மாரியே வருதுய்யா. கழுவவே வேண்டியது இல்ல.” கத்திரிக்காய் பிடிக்காமல் இருக்கலாம், காயை மாற்றச் சொன்னேன்.

ஜூலை 18, வியாழன்

எண்கள் ஒருபோதும் கூச்சல் போடுவதில்லை. அதனால்தான் அவற்றை மதிக்கிறேன்.

முதல் வாரத்தில் நூறு வாசல் கேள்விகளுக்குப் பதினைந்து ‘ஆம்’. மூன்றாம் வாரத்தில் ஆறு. பாளையங்கோட்டையின் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் குணமடைந்துவிட்டார்கள் என்று யாரும் என்னை நம்பவைக்க முடியாது. குணமடைந்தவர்கள் நேர்காணலாளர்கள். ஓர் ‘ஆம்’ எத்தனை கேள்விகளைக் கொண்டுவரும் என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சுடலைமணியின் படிவங்களில் நூற்றுக்கு ஒரு ‘ஆம்’. சராசரி நேரம் பத்தொன்பது நிமிடம். மறுமுனையில் ஜெபக்கனி: நூற்றுக்கு இருபத்திரண்டு, ஒன்றேமுக்கால் மணி நேரம். இருவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன்.

ஜெபக்கனி கடிதத்தைப் படித்து மடித்தார். “ஆம்னு சொன்னவங்கள விட்டுட்டு எந்திரிச்சு வர முடியல சார்.” அவ்வளவுதான். குரலில் மரியாதை இருந்தது. என்னைப் பார்க்கும்போது கண்ணில் அது இல்லை.

ஜூலை 25, வியாழன்

வியாழன்தோறும் ஆறு மணிக்கு மீனலோசனி மொட்டை மாடியில் யாரோ ஓர் அக்காவுடன் தொலைபேசியில் பேசுகிறாள். இது ஐந்தாவது வியாழன். யார் என்றேன். “தெரிஞ்ச அக்காப்பா.” பேசிய அன்று மட்டும் கூடுதலாக இரண்டு தோசை சாப்பிடுகிறாள். ஆகவே தடுக்கவில்லை.

“ஒண்ணும் இல்லையே?”

“இல்லப்பா.”

ஜூலை 30, செவ்வாய்

சந்தேகத்துக்குரிய படிவங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு நானே மறு நேர்காணலுக்குப் போனேன். குலவணிகர்புரத்தில் ஒரு வீடு. தாய் பீடி சுற்றுபவர். மகன் பிளஸ் ஒன். சுடலைமணியின் படிவத்தில் எட்டுப் பகுதிக்கும் ‘இல்லை’. பதினெட்டு நிமிடம்.

அந்தத் தாய் முறத்தை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். “கை சும்மா இருந்தா வாய் வராது சார், நீங்க கேளுங்க” என்றார். முதல் வாசல் கேள்வியை அச்சிட்டபடியே வாசித்தேன். வாசித்துவிட்டு, பயிற்சியில் நானே சொல்லிக்கொடுத்தபடி, பேசாமல் இருந்தேன்.

இலைக்குள் தூள் வைத்த விரல்கள் சுருட்டாமல் நின்றன.

“அவன் ஸ்கூலுக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு சார். பைய எடுத்துட்டுப் போவான். எங்க போவான்னு தெரியாது. சாயங்காலம் வருவான். செவுத்தப் பாத்துப் படுத்துக்கிடுவான்.”

“முன்பு வந்தவரிடம் இதைச் சொன்னீர்களா?”

“அந்தத் தம்பி எங்க கேட்டுச்சு? வந்து உக்காரும்போதே, ‘பையனுக்கு ஒண்ணும் இல்லல்லாக்கா?’ன்னு தலைய ஆட்டிக்கிட்டே கேட்டுது. ஆமா தம்பி ஒண்ணும் இல்லன்னேன். அப்டிக் கேட்டா வேற என்னத்தச் சொல்ல?”

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்தப் பையனை நாளையே மருத்துவரிடம் அழைத்துப்போக ஏற்பாடு செய்தேன். புறப்படும்போது அந்த அம்மாள், “இன்னும் கொஞ்சம் கேளுங்க சார்” என்றார்.

கோபம் வந்தால் கை நடுங்குபவன் அல்லன் நான். என் கையெழுத்து சீராகிறது. இந்தப் பக்கத்தின் எழுத்துகள் அச்சுப்போல இருப்பதைத் தணிக்கையாளர் கவனிக்கலாம்.

ஜூலை 31, புதன்

சுடலைமணியை வரச்சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. அவருடைய அறுபத்திரண்டு படிவங்களையும் மேசைமேல் அடுக்கியிருந்தேன்.

“இதில் எத்தனை பிள்ளைகளுடைய வாழ்க்கையை நீங்கள் தாண்டிப் போயிருக்கிறீர்கள் என்று ஒரு தோராயம் சொல்ல முடியுமா?”

“சார், தப்புதான். அடுப்புல உலை வச்சிட்டு வந்து உக்காருதாவ. ஒரு ஆம்னு சொன்னா இருபத்திமூணு கேள்வி. பாவமா இருக்கும்…”

“யார் மேல் பாவம்? உங்கள் மேலா?”

“சார்—”

“கேட்பதற்கு முன்னாலேயே விடையை அவர்கள் வாயில் வைத்திருக்கிறீர்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல ஏங்கிக்கொண்டிருக்கிற தாயிடம், ஒன்றும் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். இதைவிட வெற்றுப் படிவத்தைக் கொண்டுவந்திருக்கலாம். அதில் நேர்மை இருந்திருக்கும். நாளை முதல் வர வேண்டாம்.”

அவர் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார். பணிவு போயிருந்தது.

“பதினாலு நிமிசம் சார்.”

“என்ன?”

“உங்க வீட்ல. நாந்தான கடிகாரம் புடிச்சேன்? அந்தப் பிள்ள ஒரு கேள்வியயும் முழுசா வாசிக்க நீங்க விடல. மகள்னு சொல்றதுக்குள்ள இல்லைன்னுட்டீய. அன்னைக்கு முடிவு பண்ணேன் சார். இவ்ளோ படிச்சவங்களே இப்டித்தான் சொல்லுவாவன்னா, நாம எதுக்குப் போயி பீடிக்காரம்மாட்டத் தொங்கணும்னு.”

போய்விட்டார்.

வன்மத்தில் பேசியது. மாலையில் ஊறுகாய்க்கு எலுமிச்சை வாங்கிப் போனேன். மீனலோசனி ஐந்து மணிக்கே படுத்துவிட்டிருந்தாள். வாசலில் நின்றேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்க வாய் திறந்து, கேட்காமல் திரும்பினேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலை பத்து மணிக்குப் பீரோவைத் திறந்தேன். ஒத்திகைப் படிவங்கள், வீடு எண் ஏழு. பெற்றோர் படிவம் என் விடைகள். அதைப் படிக்க எனக்குத் தடை இல்லை.

எட்டு வாசல் கேள்விகள். எட்டு ‘இல்லை’. நேர்காணலாளர் தாம் கவனித்ததை எழுதுவதற்கான ஓரப் பகுதியில், ஜெபக்கனியின் சிறிய எழுத்தில், ஒரே வரி எட்டு முறை: “கேள்வி முடியுமுன் விடை.” பெயர் தெரியாமல் இந்தப் படிவம் என் மேசைக்கு வந்திருந்தால், நிராகரி என்று எழுதியிருப்பேன்.

பிள்ளைகள் படிவம் தனி உறையில் ஒட்டப்பட்டிருந்தது. பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையும் இருக்கவில்லை. உறையின் மேலேயே ஒரு கட்டம் உண்டு: “பாதுகாப்புப் பகுதியில் ஆம்: மேற்பார்வையாளருக்கு உடனே தெரிவிக்கவும்.” அதில் குறியிட்டிருந்தது. கீழே: “21.6. தெரிவிக்க முயன்றேன். இரண்டு முறை. அனுமதி இல்லை.”

நாற்பத்தோரு நாட்கள்.

ஜெபக்கனி களத்தில் இருந்தார். அழைத்தேன். எடுத்ததும் அவர் சொன்னது: “பாப்பாவுக்கு எதுவும் ஆயிட்டுதா சார்?” இல்லை என்றேன். மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. “நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு டாக்டர்ட்ட சொல்லி வைக்கேன். போன மாசமே அவங்கட்ட கேட்டு வச்சிருக்கேன். பாப்பாதான், அப்பாவுக்குத் தெரிஞ்சா வர மாட்டேன்னு சொல்லிட்டுது. ஒவ்வொரு வியாழக்கிழமையும், அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் எதுவும் பண்ணிக்கிட மாட்டேன்னு சத்தியம் வாங்குவேன் சார். எனக்கு வேற வழி தெரியல.”

பள்ளிக்கே போய் அழைத்துவந்தேன். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் படிவத்தைப் பார்த்தாள். “பெத்தவங்க கேக்கக்கூடாதுன்னு அந்த அக்கா சொன்னாங்களே.”

“கூடாதுதான்.”

“பின்ன?”

“விதியை மீறுறேன்.”

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று எழுதுவது மிகை.

அச்சிட்டபடியே வாசித்தேன். கடந்த பன்னிரண்டு மாதங்களில், தொடர்ந்து இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில், வருத்தமாகவோ, எதிலும் நாட்டம் இல்லாமலோ இருந்தீர்களா? முழுவதையும் வாசித்தேன். நீளமான கேள்வி. அதன் கடைசிச் சொல்லை நான் அன்று கேட்கவே இல்லை.

விடைக்கு ஐந்து விநாடி காத்திருக்கலாம் என்கிறது கையேடு. சுவர்க்கடிகாரப்படி ஏறக்குறைய நான்கு நிமிடம் காத்திருந்தேன்.

“ஆமாப்பா.”

அடுத்த கேள்வி, எப்போதிலிருந்து என்பது.

“அம்மா போனதுலேருந்து.”

பதினேழு மாதங்கள். வரையறைக்குள் இருந்த பன்னிரண்டும் அதில் அடக்கம்.

“நீங்க தினமும் கேட்டீங்க” என்றாள். “ஒண்ணும் இல்லையேன்னு கேக்கும்போது உங்க முகத்தப் பாப்பேன். இல்லன்னு சொன்னா உடனே ஒரு மாதிரி இறங்கும். நிம்மதியா. அதனால இல்லன்னே சொன்னேன்.”

தொடர்ந்து வாசித்தேன். இருபத்துமூன்றையும். சிலவற்றை வாசிக்கும்போது என் குரல் நின்றது, அவள் காத்திருந்தாள். பாதுகாப்புப் பகுதியில் அவள் சொன்னவற்றை இங்கே எழுத மாட்டேன். அவை அவளுடையவை.

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அக்கா, அப்பா பக்கத்துலதான் இருக்காங்க… திட்டலக்கா. எல்லாக் கேள்வியும் கேட்டாங்க… ம், நாளைக்குக் காலைல. போறேன்.”

ஆகஸ்ட் 2, வெள்ளி

மருத்துவர் அவளுடன் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு என்னிடம், வீட்டில் என்னென்ன பூட்டி வைக்க வேண்டும், எப்போதெல்லாம் அவளைத் தனியே விடக்கூடாது என்று சொன்னார். அனைத்தையும் செய்துவிட்டேன். கல்லூரிக்கு ஒரு மாத விடுப்பு எழுதிக்கொடுத்தேன். பிச்சம்மாள் இனி மாலைவரை இருப்பார். காரணம் கேட்காமல், “எத்தன மணி வரைக்கும்னாலும் இருக்கேன்யா” என்றார். மீனலோசனிக்கு முடி கொட்டியதிலிருந்தே இவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

திட்டக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். சுடலைமணியின் பணிநீக்கம் சரியானது என்றும், அதே காரணத்துக்காக என்னுடையதும் சரியானதாக இருக்கும் என்றும். ஒத்திகைப் படிவங்களுக்கும் இருபத்தொன்றாம் பக்கத்தின் விதி பொருந்தும் என்று கையேட்டைத் திருத்தவும் கேட்டுக்கொண்டேன். கோபம் குறையவில்லை. முகவரி மாறியிருக்கிறது.

பொறுப்பை ஒப்படைக்குமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. வீடு எண் ஏழின் பெற்றோர் படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, பேனாவைத் திறந்தேன். ஜெபக்கனி உள்ளே வந்தார்.

“நீங்களே எழுதக்கூடாது சார். பதில் சொல்றவங்க படிவத்தைத் தொடக்கூடாது.”

சரிதான். பேனாவைக் கொடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். கடிகாரம் பிடிக்க யாரும் இல்லை.

“கடந்த பன்னிரண்டு மாதங்களில், உங்கள் மகள்…”

முடிக்கும்வரை இருந்தேன். ஆம் என்றேன். அவர் ‘இல்லை’யின் மேல் ஒற்றைக் கோடு போட்டார்; பக்கத்தில் ‘ஆம்’, தேதி, சுருக்கொப்பம். கோட்டின் கீழே பழைய விடை நன்றாகவே படிக்கும்படி இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிறகு இருபத்துமூன்று கேள்விகள். எந்த மாதத்திலிருந்து அவள் சாப்பாடு குறைந்தது? காலையில் எத்தனை மணிக்கு விழித்துக்கொள்கிறாள்? அவள் யாரிடமாவது அழுததுண்டா? எந்தப் பாடம் பிடிக்காமல் போயிற்று? எந்தத் தோழியுடன் பேச்சை நிறுத்தினாள்?

“தெரியாது” என்றேன்.

ஜெபக்கனி எழுதிக்கொண்டார். அவசரப்படவில்லை.

அடுத்ததற்கும் தெரியாது. அதற்கடுத்ததற்கும். இருபத்துமூன்றில் பதினேழு. அதுவும் ஒரு விடையே என்று கையேட்டில் இருக்கிறது. அன்றைய வகுப்பில் அந்த வரியை நான் வேகமாகத் தாண்டியது நினைவிருக்கிறது.